முழங்கை இல்லாத கை

1997 ஜூன் 12, வியாழன்

காலையிலிருந்து மழை. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மூன்று குப்பைத் தொட்டி, கல்வத்தியில் இரண்டு. ஐந்தையும் பதினொரு மணிக்குள் தூக்கிவிட்டோம். டிரைவர் பிச்சைமணி அண்ணன் லாரியை ரிவர்ஸ் எடுத்து நிறுத்துவதோடு சரி, பிறகு பீடி பற்றவைத்துக்கொள்வார். சங்கிலி மாட்டுவது, லிவர் பிடிப்பது, தொட்டியைத் தூக்கும் லாரியின் இரண்டு இரும்புக் கைகளையும் ஏற்றி இறக்குவது எல்லாம் நான்தான். கார்ப்பரேஷன் சம்பளப் பட்டியலில் எனக்கு வேறு ஏதோ பெயர் போட்டிருக்கிறார்கள். நான் கைக்காரன்.

கல்வத்தித் தொட்டியின் ஓரம் ஓர் அட்டைப்பெட்டி கிடந்தது. லாட்ஜைக் காலி செய்த ஏதோ ஒரு வெள்ளைக்காரச் சாயிப்பு போட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும். உள்ளே ஈயத்தில் வார்த்த ஆறு பொம்மைகள், என் நடுவிரல் உயரம். எல்லாம் இரும்பு ராட்சசன்கள். கையில் பீரங்கி, உடம்பில் பீரங்கி, தோளில் பீரங்கி. அறுகோணக் கட்டம் போட்ட ஒரு பெரிய படம், இரண்டு பகடை, ஆங்கிலத்தில் ஒரு விதிப்புத்தகம். புத்தகத்தின் நடுப்பகுதி மீன் தண்ணீரில் ஊறிக் கூழாகிவிட்டது.

வீட்டில் பெண்டாட்டி வசந்தி கத்தினாள். "தொட்டிப் பக்கம் கெடந்தத வீட்டுக்குள்ள கொண்டாராதீங்கன்னு எத்தன தடவ சொல்றது?" பிறகு அவளே சோப்புப் போட்டு ஆறையும் கழுவித் துணியில் துடைத்து வரிசையாக நிற்கவைத்தாள். "இதுல பெரியவன் யாரு?" என்று கேட்டாள்.

1997 ஜூன் 15, ஞாயிறு

சுள்ளிக்கல்லில் என் சிநேகிதன் ஷாஜியின் ஜெராக்ஸ் கடை. ஞாயிற்றுக்கிழமை பாதி ஷட்டர்தான். டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு அவன் விதிப்புத்தகத்தைப் படித்துச் சொன்னான். நடக்க வேண்டும், திரும்ப வேண்டும், சுட வேண்டும், பகடை போட வேண்டும். அவ்வளவுதான். ஆனால் எந்தத் துப்பாக்கி எந்தப் பக்கம் சுடும்? பொருளடக்கத்தில் அழகாகப் போட்டிருக்கிறது: 'கைகளின் அசைவு, ஆயுதம் பொருத்துதல் - பக்கம் 17'. கூழாகப் போனது பதினேழிலிருந்து இருபத்து நான்கு.

"அது இல்லாம பின்னே விளையாட்டே இல்லல்லோ, மாரிச்சேட்டா" என்று ஷாஜி புத்தகத்தை மூடினான்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஏன் இல்லை? ஒரு நாளைக்கு இருபது தடவை கை தூக்கி இறக்குகிறவன் நான். அந்தப் பக்கத்தை எழுதியவன் எத்தனை தொட்டி தூக்கியிருப்பான்? அந்த எட்டுப் பக்கத்தையும் நானே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்னபிறகு பயமாகத்தான் இருக்கிறது.

1997 ஜூன் 29, ஞாயிறு

எழுதிவிட்டேன். ஷாஜி மூன்று காப்பி போட்டுக் கொடுத்தான்.

முதலில் பொம்மைகளின் முன்பக்கம் எது என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. தலை என்று ஒன்று இல்லை, ஒரு பெட்டிதான். பெயின்டும் உதிர்ந்துவிட்டது, பீரங்கிக் குழல்களும் முறிந்து எந்தப் பக்கம் நீண்டிருந்தன என்று தெரியவில்லை. நான் பார்த்த மாத்திரத்தில் சொன்னேன்: ஒரு பக்கம் உருண்டையாக இரண்டு இருக்கிறதல்லவா, அது ஹெட்லைட். ஹெட்லைட் இருக்கும் பக்கம் முன்பக்கம். இதற்கு ஒரு புத்தகமா வேண்டும்?

உடம்பில் பொருத்திய துப்பாக்கி உடம்பு பார்க்கும் திசையில்தான் சுடும். அது ஆடாது அசையாது, குறி தப்புவதும் குறைவு.

முழங்கை உள்ள கை தன் பக்கவாட்டிலும் சுடும். ஆனால் இந்தப் பொம்மைகளின் முழங்கை பின்னோக்கி வளைந்திருக்கிறது. அதனால் முன்பக்கம் பாதிதான் எட்டும். ஏன் இப்படிச் செய்தான் என்று வசந்தி கேட்டாள். முதுகைக் காப்பதற்காக என்று சொல்லிவைத்தேன்.

முழங்கை இல்லாத கைதான் நம்ம லாரிக் கை. தோளில் ஒரே கீல், நேராக ஒரு தண்டு. பக்கவாட்டில் ஒரு சாண்கூடப் போகாது. ஆனால் மேலே தூக்கி, தலையைத் தாண்டி, மறுபக்கம் முழுக்க இறங்கும். எனவே முன்னாலும் சுடலாம், பின்னாலும் சுடலாம்.

ஷாஜி, "அப்போ எல்லாரும் அதையே எடுப்பான்" என்றான். அதைத் தாளின் ஓரத்தில் கேள்விக்குறி போட்டு எழுதிவைத்தேன்.

1997 ஜூலை 9, புதன்

பதில் கிடைத்துவிட்டது! பஜார் ரோட்டில் தொட்டி பாதி உயரத்தில் இருக்கும்போது அண்ணன் தெரியாமல் கிளட்சை விட்டுவிட்டார். லாரி இரண்டடி நகர்ந்தது. அதற்கே தொட்டி ஊஞ்சலாடி, லாரி ஒரு பக்கம் சாய்ந்து, நான் லிவரை விட்டுவிட்டு ஓடினேன். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. பிறகு ஒரு சாயா குடித்தேன்.

விதி: கை மேலே இருக்கும்போது ராட்சசன் நடக்கக் கூடாது, சுடவும் கூடாது. முன்னாலிருந்து பின்னால் கையைக் கொண்டுபோக, தன் ஆட்ட முறை ஒன்று முழுக்க மரம் மாதிரி நிற்க வேண்டும்.

1997 ஆகஸ்ட் 3, ஞாயிறு

வசந்தியும் விளையாட வந்தாள். இஞ்சி கோடவுனில் ஆறு நாள் தரம் பிரிக்கும் வேலை, ஏழாவது நாள் படுத்துக்கொள்ளேன் என்றால் கேட்கவில்லை. முழங்கை இல்லாத பெரிய பொம்மையை எடுத்துக்கொண்டு அதற்கு ராஜப்பன் என்று பெயர் வைத்தாள். எங்கள் ஓவர்சியர் பெயர். அவரும் எதையும் கையால் தொட்டு யாரும் பார்த்ததில்லை.

ராஜப்பனை ஓடவிட்டாள். நான் துரத்தினேன். ஓடுகிறவள் திடீரென்று நின்றாள், கை மேலே போனது, அடுத்த முறை என் நெஞ்சில் இரண்டு குண்டு. பிறகு ஷாஜிக்கும் அதேதான்.

1997 ஆகஸ்ட் 4, திங்கள்

இன்றும் சிரிக்கிறாள். விதி எழுதியது நான்.

1998 ஜனவரி 18, ஞாயிறு

இதுவரை ஜெயித்தது: வசந்தி 14, ஷாஜி 6, நான் 5. முழங்கை வைத்த மூன்று பொம்மைகளையும் இப்போது யாரும் தொடுவதில்லை. அலமாரியில் சும்மா நிற்கின்றன.

2001 மே 27, ஞாயிறு

மழைக்கு முன் ஓடை தூர்வாரும் வேலை, ஞாயிறும் டியூட்டி. இரண்டு வாரமாக ஆட்டம் இல்லை. கை அரிக்கிறது.

2004 பிப்ரவரி 8, ஞாயிறு

ஷாஜி வீட்டுக்கு வந்தான். போன வருஷமே ஜெராக்ஸ் கடையை மூடிவிட்டு இடப்பள்ளியில் கம்ப்யூட்டர் கேம் செய்கிற ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டானே. அங்கே ஒரு வெளிநாட்டுக்காரனுக்காக ராட்சச ரோபோ சண்டை ஒன்று செய்கிறார்களாம். எல்லாம் ஜோராக வந்திருக்கிறதாம். ஆனால் எந்த ரோபோவை எடுத்தாலும் கை எல்லாப் பக்கமும் சுடுகிறது. அதனால் எதை எடுத்தாலும் ஒன்றுதான், ஆடிப் பார்க்கிறவர்களுக்குப் பத்து நிமிஷத்தில் கொட்டாவி.

"நான் சேட்டன்டெ விதியப் பத்தி பறஞ்சு. சேட்டன கூட்டிக் கொண்டு வரச் சொன்னாரு எங்க சார்."

என் விதியை. என்னை. வசந்தி அவனுக்கு இன்னொரு கரண்டி மீன்குழம்பு ஊற்றினாள்.

2004 மார்ச் 6, சனி

எழுதவே பிடிக்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

மூன்றாவது மாடி, ஏசி. வாசலில் இருந்த காவலாளி என்னைப் பார்த்ததும், "வேஸ்ட் எடுக்க பின்வழிதான்" என்றான். ஷர்ட் இஸ்திரி போட்டதுதான், எப்படிக் கண்டுபிடித்தானோ. ஷாஜி ஓடிவந்து உள்ளே கூட்டிப்போனான்.

அவர்களுடைய சார் பெயர் அனந்தநாராயணன். எர்ணாகுளத்துக்காரர், நம்மைவிட நல்ல தமிழ். மரியாதையானவர்தான். பொம்மைகளைக் கண்டதும் துள்ளிவிட்டார். இதே பெட்டியை அவர் வெளிநாட்டில் இருந்தபோது வாங்கி வைத்திருக்கிறாராம், முழுப் புத்தகத்தோடு. நான் என் வழக்கப்படி ஆறையும் நிற்கவைத்தேன். அவர் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாகிவிட்டது.

"மாரிச்செல்வம், நீங்க இத்தன வருஷமா எல்லாத்தயும் திருப்பின்னா வெச்சு விளையாடிண்டிருக்கேள்! இது ஹெட்லைட் இல்ல. பொகை போற கொழாய். இதான் முதுகு!"

ஏழு வருஷம். ஏழு வருஷமாக என் ராட்சசன்கள் முதுகைக் காட்டிக்கொண்டு போருக்குப் போயிருக்கிறார்கள். முழங்கை பின்னோக்கி வளைந்ததாம், முதுகைக் காப்பதற்காம், விளக்கம் வேறு சொன்னேன். அறையில் இருந்த ஐந்தாறு பேரும் சிரித்தார்கள். ஷாஜி தரையைப் பார்த்தான்.

சார் தன் புத்தகத்தில் பதினேழாம் பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். எல்லாக் கையும் முன்னாலும் பக்கத்திலும் சுடும், எதுவும் பின்னால் சுடாது. அவ்வளவுதான் எழுதியிருக்கிறது. மீதிப் பக்கமெல்லாம் பொருத்தும் பட்டியல். இந்த எட்டுப் பக்கத்துக்காகவா நான்—

"பொம்மைய நேரா வெச்சா முழங்கை உள்ளவன் முன்னாலயும் பக்கத்திலயும் நன்னா சுடுவான். அப்போ உங்க விதி நிக்குமோ?" என்று கேட்டார் சார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முழங்கை இல்லாதவனுக்கு முன்னும் பின்னும் ஒன்றுதான். எப்படித் திருப்பி வைத்தாலும் அவன் அவன்தான். நான் தப்பாக வைத்தது எல்லாவற்றையும், ஆனால் தப்பாகாதது ஒன்றே ஒன்று, அது என்னுடைய லாரிக் கை. இதைச் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. சிரிப்பு நின்றுவிட்டது.

சார் யோசித்துவிட்டு ஒரு பந்தயம் சொன்னார். அடுத்த சனிக்கிழமை மூன்று ஆட்டம். அவர் முழங்கைக்காரன், பொம்மை நேராக. நாங்கள் லாரிக் கை, என் விதிப்படி. மூன்றிலும் தோற்றால் என் விதி வீண். மூன்றிலும் ஜெயித்தால் என் விதி அநியாயம், அதையே எல்லாரும் எடுப்பார்கள், மறுபடி கொட்டாவிதான். எப்படியானாலும் விதி குப்பைக்கு. ஜெயிப்பதும் தோற்பதும் கலந்து வந்தால் கம்ப்யூட்டருக்குள் போகும்.

2004 மார்ச் 7, ஞாயிறு

யார் ஆடுவது? நான் ஆடினால் இரண்டாவது குண்டுக்கே கோபம் வரும், கோபம் வந்தால் நேராகப் போய் முட்டுவேன். தெரிந்த விஷயம்தான். ஆனால் என் விதி அது. என்னைப் பார்த்துத்தானே சிரித்தார்கள்!

வசந்தி ராஜப்பனைத் திருப்பி நேராக நிற்கவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அசிங்கமா இருக்காரு" என்றாள்.

சரி, நீயே ஆடு என்று சொல்லிவிட்டேன்.

2004 மார்ச் 13, சனி

எழுதுகிற வேகத்துக்குப் பேனா வரவில்லை.

வசந்தி கோடவுனில் லீவு சொல்லிவிட்டு வந்தாள். காவலாளி இன்று வணக்கம் வைத்தான், நான் கண்டுகொள்ளவில்லை. மேசையைச் சுற்றி ஆபீஸே நின்றது.

முதல் ஆட்டம். சார் நேராகத் துரத்தினார், வசந்தி ஓடினாள். நான் ஏழு வருஷம் பார்த்துப் பார்த்து நொந்த அதே ஓட்டம். நின்றாள், கை மேலே போனது, பின்னால் இறங்கியது, சார் காலி. ஆபீஸ் முழுக்க "ஓ" என்று சத்தம். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

இரண்டாவது. சார் சுற்றிவளைத்து வந்தார். இவள் கட்டப் படத்துச் சந்து ஒன்றுக்குள் ராஜப்பனைப் பின்பக்கமாகவே கொண்டுபோய் நிறுத்திக்கொண்டாள். மட்டாஞ்சேரிச் சந்தில் லாரி வேறு எப்படிப் போகும்? சந்து வாசல் பக்கம் கை தயாராக இருந்தது. நுழைந்ததும் சார் காலி.

சாரைப் பார்த்தேன். அவர் முகத்தில் கோபமில்லை, வருத்தம் இருந்தது. நோட்டில் ஏதோ எழுதினார். ஷாஜி என் காதில், "சேட்டா, மூணும் ஜெயிச்சா போச்சு" என்றான்.

அய்யோ! ஜெயித்தால் போச்சு. அதை மறந்தே போயிருந்தேன். வசந்தியை ஓரமாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். இந்த ஒரே ஒரு ஆட்டம், கொஞ்சம் பார்த்து—

"வேணும்னே தோக்கச் சொல்றீங்களா?"

நான் அப்படிச் சொல்லவில்லை, ஆனாலும்.

"நான் இந்த ஏழு வருசத்துல உங்ககிட்டகூட வேணும்னு தோத்ததில்ல. இந்தாளுகிட்டயா தோப்பேன்? உங்க விதி நல்ல விதின்னா அது தன்னால நிக்கட்டும். இல்லன்னா போகட்டும்."

முந்தானையைச் செருகிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டாள். என் விதியின் கழுத்தை என் பெண்டாட்டியே பிடித்திருக்கிறாள். வேறு எவனுக்காவது இப்படி ஆகியிருக்குமா?

மூன்றாவது ஆட்டம். சார் இந்த முறை துரத்தவில்லை. தள்ளி நின்று அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வசந்தி ஓடினாள், அவர் வரவில்லை. திரும்பி வந்தாள், அவர் பின்வாங்கினார். ஆறு முறை அப்படியே போனது. சாயா ஆறிவிட்டது, யாரும் குடிக்கவில்லை. ஏழாவது முறை வசந்தி பொறுமையிழந்து கையைத் தூக்கினாள்.

சார் அதற்குத்தான் காத்திருந்தார். கை மேலே இருக்கும் அந்த ஒரு முறையில் ராஜப்பன் நடக்க முடியாதல்லவா? முழங்கைக்காரனை ஒரே ஓட்டமாக ஓட்டி ராஜப்பனின் பக்கவாட்டில் கொண்டுவந்து நிறுத்தினார். பின்னால் இறங்கிய கைக்கு எதிரில் யாருமில்லை. பக்கவாட்டுக்கு அது போகாது, ஒரு சாண்கூட. முழங்கைக்காரன் கையை மடக்கிப் பக்கத்திலிருந்தே சுட்டான். வசந்தி ராஜப்பனைத் திருப்பப் பார்த்தாள், அதற்குள் இரண்டாவது குண்டு. பகடை பதினொன்று. ராஜப்பன் விழுந்தார்.

என் பெண்டாட்டி தோற்றதற்கு நான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குதித்தேன். ஆபீஸில் எல்லாரும் குதித்தார்கள். ஷாஜி என்னைத் தூக்கப் பார்த்து முடியாமல் இறக்கினான். சார் எழுந்து வந்து என் கையைப் பிடித்தார்.

"இப்போதான் புரிஞ்சுது. அந்தக் கை எல்லாம் தரது, ஆனா வெலை கேக்கறது. புஸ்தகத்தில எழுதினவனுக்கு இது தோணல. நான் அன்னிக்கு சிரிச்சது தப்பு, மாரிச்செல்வம்."

என் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவும் இல்லை.

வசந்தி மட்டும் மேசையை விட்டு எழவில்லை. விழுந்த ராஜப்பனை நிமிர்த்தி வைத்து முறைத்துக்கொண்டிருந்தாள். திரும்பும்போது, பஸ் பாலம் தாண்டியதும், "ஏழாவதுல தூக்கியிருக்கக் கூடாது. ஒரு முறை பொறுத்திருந்தா அவரே வந்திருப்பாரு" என்றாள். பிறகு, "அடுத்த சனிக்கிழமை அவருக்கு வேலை இருக்குமா?"

2004 மார்ச் 15, திங்கள்

பிச்சைமணி அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பீடி அணையும் வரை கேட்டுவிட்டு, "அப்ப நான் கிளட்ச விட்டதுதான் விதியா?" என்றார். ஆமாம் என்றேன். இன்று முழுக்கச் சந்து சந்தாக நெஞ்சை நிமிர்த்தி ரிவர்ஸ் எடுத்தார்.

2004 செப்டம்பர் 18, சனி

இடப்பள்ளி. ஒரு சனி விட்டு ஒரு சனி போய்க்கொண்டிருக்கிறேன். கம்ப்யூட்டரில் கை அசைவதைப் பார்த்துச் சரியா தப்பா என்று சொல்கிற வேலை. இன்று, தோள் கீல் ஒரு விரற்கடை கீழே இருக்க வேண்டும் என்று சொன்னேன், மாற்றினார்கள். தலையில் இடிக்காமல் போனது.

2005 ஆகஸ்ட் 18, வியாழன்

டியூட்டி முடிந்து சுள்ளிக்கல் வழியாக வந்தோம், வசந்தியும் கோடவுன் விட்டு வந்திருந்தாள். ஷாஜியின் பழைய ஜெராக்ஸ் கடை இருந்த இடத்தில் இப்போது இன்டர்நெட் கஃபே. உள்ளே பெரிய கூட்டம். எட்டிப் பார்த்தால் நம்ம ஆட்டம்! யாரோ முன்பின் தெரியாத ஒருவர், மீசைக்காரர், லாரிக் கைக்காரனை எடுத்து ஆடிக்கொண்டிருந்தார். திரையில் பின்னால் இரண்டு ராட்சசன்கள் துரத்துகிறார்கள். அவர் நின்றார். திரையில் இரண்டு கையும் மெதுவாக மேலே எழுந்தது. அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றவர்கள், "நிக்கல்லே, நிக்காதே, இப்போ அடி விழும்!" என்று கத்தினார்கள். தலையைத் தாண்டிக் கை பின்னால் இறங்கியது. இரண்டு பேரும் காலி. கடையே அதிர்ந்தது.

நாங்கள் கடைசிவரை நின்று பார்த்தோம். ஆட்டம் முடிந்ததும் பெயர்கள் ஓடின. யாரும் அதைப் பார்ப்பதில்லை, மீசைக்காரர் எழுந்துகூடப் போய்விட்டார். கை அசைவு, ஆயுதம் பொருத்துதல் என்று ஆங்கிலத்தில் வந்தது. அதன் கீழே மாரிச்செல்வம், வசந்தி, மட்டாஞ்சேரி.

"என் பேரு ரெண்டாவதா வந்திருக்கு" என்றாள் வசந்தி.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு வேறொன்று உறுத்திக்கொண்டே இருந்தது. கை எழும்போது வெண்ணெய் மாதிரி எழுகிறது. பாரம் மாட்டிய கை அப்படி எழாது. முதலில் ஒரு நடுக்கம் நடுங்கும், சங்கிலி இறுகும், பிறகுதான் மேலே வரும். அதை நான் சொல்லாமல் விட்டிருக்கிறேன். சனிக்கிழமை இடப்பள்ளி போய்ச் சொல்ல வேண்டும். மறந்துபோவீர்கள், எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்றாள் வசந்தி. எழுதிவிட்டேன்.